வெட்டினால் போகாது சீமைக்கருவேலம்!

சோழபுரம், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நான்கைந்து ஆண்டுகள் உழாமல் கிடக்கும் புஞ்சைகளில் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. உங்கள் நிலத்திலும் நின்றால், விறகு வியாபாரி வந்து விலை பேசியிருப்பார். கையில் கொஞ்சம் பணம் கிடைத்தது, நிலமும் சுத்தமானது என்று நினைத்திருப்பீர்கள். அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தால், ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரே தூரில் நான்கைந்து கிளைகள் துளிர்த்து நிற்கும்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த மரம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பரப்பப்பட்டது, பிறகு கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. தனியார் நிலங்களில் உள்ளவற்றையும் அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. ஆனாலும், உங்கள் வரப்புக்குள் நிற்பதை ஒழிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எதை வெட்டக் கூடாது?

முதலில் மரத்தை அடையாளம் காணுங்கள். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும். காய் மணி கோத்த மாலைபோல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிராக நீண்டிருக்கும். நெற்று பழுத்ததும் மஞ்சளாகி இனிக்கும். வன்னியும் கதிராகப் பூப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாட்டுக்கருவேலம், குடைபோல் விரியும் உடைமரம், வன்னி ஆகியவை நம் மண்ணின் மரங்கள். அவற்றை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது?

மீண்டும் துளிர்க்கும் மொட்டுகள், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், தரைக்குச் சற்றுக் கீழே உறங்குகின்றன. தரைக்கு மேலே எத்தனை முறை வெட்டினாலும் அவை தப்பித்துக்கொள்ளும். எனவே, சுமார் ஓர் அடி ஆழம் தோண்டிக் கழுத்தோடு எடுக்க வேண்டும். அதற்குக் கீழே போகும் ஆணிவேரைத் தேடி அலைய வேண்டாம். கழுத்து போய்விட்டால் அது துளிர்க்காது.

சிறு செடிகளை மழை பெய்த ஈரத்தில் கையாலோ மண்வெட்டியாலோ பிடுங்கலாம். பெரிய மரங்களுக்கு ஜேசிபி தேவைப்படும். அதைக் கோடையில் வைத்துக்கொண்டால் இயந்திரம் சேற்றில் சிக்காது. அப்படியே கோடை உழவும் போட்டு, புரட்டாசி விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்யலாம்.

வியாபாரியிடம் பேசும்போது

விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் தேவை இருக்கும்வரை மரத்துக்கு விலை உண்டு. ஆனால், தூர் மண்ணில் இருந்தால் சில ஆண்டுகளில் வியாபாரிக்கு மறு வெட்டு கிடைக்கும். உங்களுக்குத் தரிசுதான் மிஞ்சும். எனவே, ‘தூரோடு எடுத்துக் குழியை மூடித் தர வேண்டும்’ என்று முதலிலேயே பேசி, எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். இதனால் மரத்தின் விலை குறைந்தாலும் பரவாயில்லை. பிறகு நீங்களே இயந்திரம் வைத்துத் தூர் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விதை எங்கிருந்து வருகிறது?

ஆடு, மாடுகள் நெற்றை விரும்பித் தின்னும். கெட்டியான விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறி, எருவோடு சேர்ந்து முளைக்கும். கருவேலங்காட்டில் மேய்ந்த ஆடுகளை உங்கள் வயலில் கிடை போட்டால், உரத்தோடு விதையும் வந்து சேரும். அதற்காகக் கிடையை நிறுத்த வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு வயலைச் சுற்றிவந்து, முளைத்த கன்றுகளைப் பிடுங்கிவிடுங்கள். நெற்றைத் தீவனமாகக் கொடுப்பவர்கள், விதையும் நொறுங்கும்படி அரைத்துக் கொடுங்கள். தொழுவத்துக் குப்பையை நன்றாக மட்கவைத்த பிறகே வயலில் இடுங்கள்.

நிலத்தைச் சும்மா விடாதீர்கள்

மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். எனவே, மரத்தை எடுத்த பிறகு குறைந்தது மூன்று பருவமழைக்காவது கன்று பிடுங்கும் வேலை இருக்கிறது. இந்தக் கன்றுகளுக்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் தேறாது. தீவனச் சோளத்தை நெருக்கமாக விதைத்தால் கன்றுகள் அடங்கும், மாட்டுக்கும் தீனியாகும். பயிர் செய்ய ஆள் இல்லாதவர்கள் வேம்பு, புங்கன் போன்ற நாட்டு மரங்களை வைக்கலாம்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் வெளியூரில் இருந்தால், அவரிடமும் போனில் பேசுங்கள். அவர் நிலத்தில் நெற்று உதிரும்வரை உங்கள் வேலை முடியாது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் இயந்திரம் பிடித்தால் ஆளுக்கு வாடகையும் குறையும். கண்மாய், புறம்போக்கில் உள்ள மரங்களை மட்டும் நீங்களாக வெட்டாமல், ஊராட்சியிடம் மனு கொடுங்கள். உங்கள் மண்ணுக்கு எந்தப் பயிர் ஏற்றது என்று முடிவுசெய்ய, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டறியுங்கள். தூர் எடுக்கும் நாளைக் குறிக்கும்போதே, விதைப்புக்கான விதையையும் வாங்கி வைத்துவிடுங்கள்.