‘விண்டோஸ் 11 இயங்காது’ என்கிறதா உங்கள் கம்ப்யூட்டர்? புதிதாக வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டு கம்ப்யூட்டரின் திரையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார் அப்பா. ‘இந்த பி.சி. விண்டோஸ் 11-க்கான குறைந்தபட்ச தகுதிகளைப் பூர்த்தி செய்யவில்லை’ என்று அதில் இருந்தது. கீழே அவருடைய கேள்வி: “அப்போ இனிமே இது ஓடாதாம்மா?”

சர்வீஸ் கடையில் ஏற்கெனவே விசாரித்துவிட்டார். “போர்டு பழசு சார், செட்டையே மாத்திடுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். 2018-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் அது. உள்ளே இருப்பது இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர். மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பட்டியல்படி, விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசஸர்தான். அப்புறம் ஏன் இந்த மெசேஜ்?

விண்டோஸ் 10-க்கு என்ன ஆச்சு?

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆதரவு நின்றதால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வழக்கம்போல ஆன் ஆகும், எல்லாம் வேலை செய்யும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. நெட் பேங்கிங் செய்யும் வீட்டு கம்ப்யூட்டருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உடனே பதற வேண்டாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் தொடர்ந்து பெற ஒரு திட்டம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேரும் வாய்ப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. இல்லையென்றால் 30 டாலர். உங்கள் விண்டோஸ் 10, கடைசி பதிப்பான 22எச்2-ஆக இருக்க வேண்டும். இது கொஞ்ச நாள் அவகாசம்தான். அதற்குள் ஆற அமர யோசித்து முடிவெடுக்கலாம்.

ஏன் மறுக்கிறது?

எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே காரணத்துக்காக விண்டோஸ் 11 மறுப்பதில்லை. பிராசஸர் நிஜமாகவே பழையதாக இருக்கலாம். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அனுமதி. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையில் இருந்து, அதிலும் சில மாடல்கள் பட்டியலில் இல்லை. இந்த இடத்தில் மாட்டினால் செட்டிங்ஸை மாற்றிப் பயன் இல்லை.

ஆனால், பிராசஸர் தகுதியானதாக இருந்தும் மறுத்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் முதலில் பார்க்க வேண்டியது டிபிஎம். ரகசியக் குறியீடுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பாதுகாப்பு வசதி இது. தனி சிப்பாக இல்லாமல், பிராசஸரோடு சேர்ந்தே வரும் வகையும் உண்டு. அதை இன்டெல் போர்டுகளில் ‘பிடிடி’ என்றும், ஏஎம்டி போர்டுகளில் ‘எஃப்டிபிஎம்’ என்றும் பயாஸில் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்து அசெம்பிள்டு போர்டுகள் பலவற்றில் இது ஆஃப் செய்யப்பட்டே வரும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸ் கீயையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘டிபிஎம் டாட் எம்எஸ்சி’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். டிபிஎம் இருக்கிறதா, அது 2.0 பதிப்பா என்பது தெரியும். அதே பெட்டியில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று கொடுத்தால் வரும் பட்டியலில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. ‘லெகசி’ என்றிருந்தால், விண்டோஸைப் பழைய முறையில் நிறுவியிருக்கிறார்கள் என்று பொருள். செக்யூர் பூட் வசதி அந்த முறையில் வேலை செய்யாது. லெகசியில் இருக்கும்போது பயாஸில் போய் யுஇஎஃப்ஐ-க்கு மட்டும் மாற்றினால், கம்ப்யூட்டர் பூட் ஆகாது. பயந்துவிடாதீர்கள், திரும்ப பழையபடி மாற்றினால் வந்துவிடும். டிஸ்க்கின் அமைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்கு விண்டோஸிலேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது. ஆனால், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஸ்விட்ச் போட்டுவிட்டு டீ போடப் போகும் கம்ப்யூட்டர்

தேவைப்படாததற்குக் காரணம், அந்த கம்ப்யூட்டரின் உண்மையான நோய் வேறு. ஆன் செய்துவிட்டு அப்பா டீ போட்டுக் குடித்து முடிக்கும்போதுதான் டெஸ்க்டாப் தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், ஒன்றுமே செய்யாதபோதும் ‘டிஸ்க் 100%’ என்று சிவந்து நிற்கும். பிராசஸர் சும்மாதான் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலை எடுக்க, சுழலும் தட்டின் மேல் ஒரு முனை நகர்ந்து அந்த இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 10 மில்லி விநாடி. கேட்க சின்னதாக இருக்கிறதா? விண்டோஸ் பூட் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி-க்கு அதே வேலைக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். அதனால்தான் பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பொருளை மாற்றப் பணம் இருக்கிறது என்றால், நான் யோசிக்காமல் எஸ்எஸ்டி என்பேன்.

2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, இந்தத் தலைமுறை டெஸ்க்டாப் எல்லாவற்றிலும் பொருந்தும். பபிள்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையை வாங்குவதாக இருந்தால் மட்டும், போர்டில் அந்த இடம் இருக்கிறதா, அது சாட்டாவா என்விஎம்இ-யா என்று மாடல் நம்பரை வைத்துப் பாருங்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது.

நாங்கள் பழைய விண்டோஸை காப்பி அடிக்கவில்லை. அப்பாவின் ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தோம். பயாஸில் பிடிடி-யை ஆன் செய்து, யுஇஎஃப்ஐ-க்கு மாற்றி, புது எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினோம். லெகசி சிக்கலும் அதோடு தீர்ந்தது. இதில் ஒரு முக்கியமான விஷயம்: நிறுவி முடிக்கும் வரை பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. நாளைக்கு அதைக் கழற்றினால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது. ஒரிஜினல் விண்டோஸ் 10 என்றால் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். போர்டு மாறாத வரை, அதே எடிஷனை நிறுவினால் இன்டர்நெட்டில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

ராம் 4 ஜிபி போதும் என்பது காகிதத்தில் மட்டும்தான். குரோமில் நாலு டேப் திறந்தால் திணறும், 8 ஜிபி-யாவது வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய ராம் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

நீலத் திரை கேட்ட 48 எண்கள்

டெஸ்க்டாப் சரியான தெம்பில், அக்காவின் லேப்டாப்பில் கை வைத்தேன். லினக்ஸ் மின்ட் எப்படி இருக்கிறது என்று பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்க ஆசை. யாரோ யூடியூபில் சொன்னார்கள் என்று செக்யூர் பூட்டை ஆஃப் செய்தேன் (மின்ட்டுக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது). பார்த்து முடித்து, மறுபடி விண்டோஸுக்குப் போனால் ஒரு நீலத் திரை. ‘பிட்லாக்கர் ரெக்கவரி கீ-யை உள்ளிடவும்.’ 48 இலக்கம்.

“என்னடி பண்ணித் தொலைச்ச? பாப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு!”

இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில், நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவியை டிபிஎம் வைத்திருக்கிறது. செக்யூர் பூட் மாறினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ ‘யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள்’ என்று நினைத்து அது சாவியைத் தராது. அப்போது நம்மிடம் இருக்க வேண்டியதுதான் அந்த 48 இலக்க எண். முதலில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும்.

அந்தக் கணக்கு யாருடையது? லேப்டாப் வாங்கிய கடையில், ‘செட்டப் பண்ணித் தர்றோம் மேடம்’ என்று அவர்களுடைய மெயில் ஐடி-யைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடையும் இப்போது இல்லை. வீட்டுப் பூட்டின் ஒரே மாற்றுச் சாவி, காணாமல் போன ஒருவர் பாக்கெட்டில்.

தப்பித்தது எப்படி என்றால், செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் ஒன்றும் நடக்காதது போலத் திறந்துகொண்டது. செட்டிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் இப்படித் திறக்கும். ஆனால், போர்டே பழுதாகியிருந்தால்? கீ இல்லாமல் அந்த போட்டோக்களை மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது.

அன்றைக்கே செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ பகுதிக்குப் போய் அதை ஆஃப் செய்தோம். அக்காவின் சொந்தக் கணக்கில் உள்நுழைந்து மறுபடி ஆன் செய்தோம். புது கீ அவளுடைய கணக்குக்கு வந்தது. ஒரு பேப்பரிலும் எழுதி, பாஸ்போர்ட் ஃபைலில் வைத்திருக்கிறாள். உங்கள் லேப்டாப் யார் பெயரில் திறக்கிறது என்று பயாஸில் கை வைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நிஜமாகவே பழைய கம்ப்யூட்டர் என்றால்?

எட்டாம் தலைமுறை இன்டெல் வந்ததே 2017-ல்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கிடைத்தவை எதற்கும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. தகுதிச் சோதனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் இணையத்தில் நிறைய. அப்படி நிறுவினால் அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. மிகப் பழைய பிராசஸர்களில் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. பரிசோதனை செய்து பார்க்கப் பிடிக்கும் என்றால் சரி, அப்பாவின் பேங்க் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரவுசர், யூடியூப், கடிதம் டைப் செய்வது, இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போதும். 22-ம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. நிறுவாமலே பென் டிரைவில் ஓட்டிப் பார்த்து, வைஃபை, பிரிண்டர், சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. டாலி போட வேண்டிய வீடு என்றால் மட்டும் விண்டோஸை விட முடியாது.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் இப்போது டீ கொதிக்கும் முன் தயாராகிவிடுகிறது. அப்பாவுக்குத்தான் ஒரு குறை. “ஸ்டார்ட் பட்டனை ஏம்மா நடுவுல வெச்சிருக்கான்?” டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடது பக்கம் மாற்றிக் கொடுத்தாகிவிட்டது.