விருந்துக்கு மறுநாள்

நூம்பலில் குடியிருப்போருக்குத் திருவேற்காடு வெகு தொலைவில் இல்லை. ஆடி ஞாயிறுகளில் கருமாரியம்மனைத் தரிசித்து, கூழும் பிரசாதமும் பெற்று வீடு திரும்பும் முதியோர் பலருக்கு அங்கே மற்றோர் இலை காத்திருக்கும். மகளும் பேரக்குழந்தைகளும் வந்திருக்கும் நாள். வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல். போதாதற்கு, "இன்று ஒருநாள்தானே" என்னும் உபசரிப்பு. மூட்டுவலிக்காகவோ சர்க்கரை நோய்க்காகவோ எடையைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருக்க, மூன்று மாதங்களாகக் காத்துவந்த கட்டுப்பாடு ஒரே நண்பகலில் தளர்ந்துவிடுகிறது.

மறுநாள் காலை எடைக்கருவி ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு சிலர், "இனி நம்மால் ஆகாது" என்று முயற்சியையே கைவிடுவர். வேறு சிலர், பாவத்திற்குப் பரிகாரம் போலப் பட்டினி கிடப்பர். இரண்டுக்கும் காரணம் கணக்கைத் தவறாகப் படிப்பதே.

உடற்கொழுப்பு ஒரு கிலோ கூடுவதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக உண்ணவேண்டும். வயிறார உண்ட விருந்தில் வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடியிருந்தாலும், அதனால் சேரக்கூடிய கொழுப்பு சுமார் 200 கிராம்தான். எஞ்சியது பெரும்பாலும் நீர். அப்பளத்திலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு நீரைப் பிடித்துவைக்கிறது. அரிசியும் இனிப்பும் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்கிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் இது தானே வடிந்துவிடும். ஆயினும் இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், எடை திடீரென ஏறுவதோடு கால்வீக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால், விருந்தின் மேல் பழிபோட்டுக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பட்டினியால் வரும் ஆபத்து இதனினும் பெரிது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். தரிசன வரிசையில் நின்றபடியே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், இழப்பது ஒரு கிலோ எடையையா, ஓராண்டு நடமாட்டத்தையா?

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது. மிகுதியை மட்டும் கண்டித்து நிறுத்திக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொல்கிறது. ஏகாதசி உபவாசம் இருப்போரும் துவாதசியன்று அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்த்துப் பாரணை செய்கின்றனர். விரதத்திற்கும் ஒரு முடிவு நேரம் உண்டு.

ஆகவே மறுநாள் காலை, பசித்ததும் இரண்டு இட்லியோ கஞ்சியோ போதும். மதியம் கீரையும் காயும் பருப்பும் மிகுதி, சோறு குறைவு, உப்பு குறைத்த மோர். எஞ்சிய இனிப்பை அண்டை வீட்டாருக்குக் காலையிலேயே கொடுத்துவிடுவது நலம். டப்பாவில் மூடிவைத்த லட்டு நள்ளிரவில் கூப்பிடும். உணவுக்குப் பின் பத்து நிமிடம் மெல்ல நடப்பது இரத்தச் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். முழங்கால் ஒத்துழைத்தால் மாலையில் பிரகாரத்தை வலம் வரலாம்.

அடுத்த விருந்துக்கு ஒரு வழி திருவேற்காட்டிலேயே இருக்கிறது. அத்தலத்தில் தோன்றிய மூர்க்க நாயனார், அடியார்களுக்கெல்லாம் அமுதளித்த பின்னர்க் கடைப்பந்தியில்தான் தாம் உண்டார். அவர் அதைச் செய்தது பக்தியினால், எடைக்காக அன்று. ஆனாலும் பரிமாறி முடித்தவருக்கு உண்ணும் வேகம் தணிந்திருக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிவர். மாத்திரைக்கேற்ப நேரத்தில் உண்ணவேண்டியவர்கள் மட்டும் முதற்பந்தியிலேயே அமர்ந்து, பாயசத்தை அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எடைக்கருவியை ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அடுத்த ஞாயிறு காலை, காபிக்கு முன் ஏறிப் பார்த்தால் போதும். நீர் வடிய வேண்டிய இதய நோயாளிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. மருத்துவர் சொன்னபடி அவர்கள் நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.