கல்லும் காலமும் – 9: மூடவிடாத மனிதர்கள்

சென்ற வாரம், வில்லியம் ஸ்மித் என்னும் நில அளவைக்காரர் வாய்க்கால் வெட்டும் வேலையினூடே பாறை அடுக்குகளை இனங்கண்டு, 1815-ல் தனியொருவராக ஒரு தேசத்தின் பூகர்ப்பப் படத்தையே வரைந்து முடித்த சரித்திரத்தைப் பார்த்தோம். இந்த வாரத்துக் கதையில் அப்படிப்பட்ட நாயகர் எவரும் இல்லை. மாலை வேளையில் ஏதேனும் ஒரு நூலகத்தின் பின்கட்டிலோ பள்ளிக்கூடத்து அறையிலோ கூடி, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்து அங்கீகரித்து, வரவு செலவைச் சரிபார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்தக் குவாரியில் முட்புதரை வெட்டுவது என்று தீர்மானித்துக் கலைந்து போகிற கமிட்டிகளே இந்த அத்தியாயத்தின் விஷயம். கமிட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் கொட்டாவி விடுவது நம்மவர் சுபாவம். அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும், பூகர்ப்ப சாஸ்திரம் வித்துவான்களின் சபையை விட்டுத் தெருவுக்கு இறங்கியதும், இறங்கிய பிறகு அங்கே நிலைத்து நின்றதும், இங்கிலாந்தைப் பொறுத்த வரையில் பெரும்பாலும் சம்பளமில்லாத இந்தக் கமிட்டிகளின் உபயம் என்பதே என் அபிப்பிராயம்.

லண்டன் பூகர்ப்பச் சங்கம் 1807-ல் ஒரு விடுதியின் விருந்து மேஜையைச் சுற்றித் தோன்றியது. வசதியும் ஓய்வும் படைத்த கனவான்கள் உண்டு களித்து விவாதிப்பதற்கென்று ஏற்பட்ட சபை அது. அவர்கள் செய்த ஆராய்ச்சியின் மேன்மையைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பெண்களுக்கு அதன் கதவு திறக்க 1919 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லின் மீது காதல் கொண்ட குமாஸ்தாவும், ஜவுளிக்கடைக்காரரும், பள்ளி உபாத்தியாயரும், வீட்டுப் பெண்மணியும் எங்கே போவார்கள்? அவர்களுக்காக 1858 டிசம்பர் 17-ஆம் தேதி அதே லண்டனில் பூகர்ப்பவியலார் கழகம் என்ற வேறொரு ஸ்தாபனம் பிறந்தது. ஆணும் பெண்ணும் முதல் நாள் தொட்டே அதில் அங்கத்தினர் ஆகலாம். இரண்டாவது வருஷத்திலேயே இவர்கள் மண்டபத்தை விட்டு வெளியே புறப்பட்டு விட்டார்கள். 1860-ல் கழகத்தார் சென்ற இடம் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள போக்ஸ்டன். அங்கே கடல் அரித்த கருங்களிமண்ணிலிருந்து, முத்துச்சிப்பியின் பளபளப்பு இன்னும் மங்காத சுருள் வடிவ அம்மோனைட்டுகள் உதிர்ந்து கிடக்கும். ரயில் அப்போது நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. விடுமுறை நாளில் லண்டன்வாசியைப் பாறையண்டை கொண்டு போய்ச் சேர்த்ததும் அதுவே, பாதை போடுவதற்காகக் குன்றுகளைப் பிளந்து அவற்றின் உள்வயிற்றைக் காட்டிக் கொடுத்ததும் அதுவே.

இப்படிச் சுற்றியவர்களில் எல்லாரும் பொழுதுபோக்கிகள் அல்லர். மார்கேட் என்னும் கடலோர ஊரில் வைத்தியம் பார்த்துவந்த ஆர்தர் ரோ என்ற டாக்டர், நோயாளிகளுக்கிடையே கிடைத்த நேரத்தையெல்லாம் வெண்சுண்ணப் பாறைகளுக்கே செலவிட்டார். அப்பாறைகளிலே மைக்ராஸ்டர் என்ற இதய வடிவமுள்ள கடல்முள்ளெலியின் ஓடுகள் அகப்படும். பல் வைத்தியர்கள் சொத்தையைக் குடைய வைத்திருக்கும் கருவியைக் கொண்டு அந்த ஓடுகளில் ஒட்டிய சுண்ணத்தை மயிரிழை மயிரிழையாக நீக்கி, கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரையில் அவற்றை வரிசைப்படுத்தி, அப்பிராணியின் வாய் காலக்கிரமத்தில் முன்னோக்கி நகர்ந்து வருவதையும் ஓட்டின் வேலைப்பாடு படிப்படியாக மாறுவதையும் 1899-ல் அவர் விளக்கிக் காட்டியபோது, பரிணாமம் என்ற தத்துவத்துக்குக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு சாட்சி கிடைத்தது. அதன் பிறகு இங்கிலாந்தின் கடலோரச் சுண்ணப் பாறைகள் முழுவதையும் பற்றி அவர் எழுதிய தொடரை வெளியிட்டதும் கழகத்தின் சஞ்சிகைதான். நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அந்த வெண்பாறைகளும் கிரிடேசியஸ் என்ற ஒரே யுகத்தைச் சேர்ந்தவை என்பதை வாசகர்கள் போகிற போக்கில் மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ரோ போன்றவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. குவாரிகள் ஜீவனோடு இருந்தன. வேலை நடக்கிற குவாரியில் தினந்தோறும் புதிய பாறை முகம் வெளிப்படும். கூலியாள் கண்டெடுத்த புதைபடிவத்தைக் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். தொழில் நின்ற பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. முதல் சில வருஷங்களில் சரளை சரிந்து அடிப்பாகத்தை மூடும். பிறகு முள்ளும் கொடியும் ஏறும். இருபது முப்பது வருஷங்களில், ஒரு பிரதேசத்தின் ஆதி சரித்திரம் முழுவதும் எழுதப்பட்ட சுவர் ஒரு பசும்புதராகிவிடும். அதற்குள்ளாக நகர மன்றத்தாரின் கண்ணில் பட்டுவிட்டாலோ, குப்பை கொட்டுவதற்கு ஏற்கெனவே தோண்டி வைத்த பள்ளமாக அது அவர்களுக்குக் காட்சியளிக்கும். இங்கேதான் பூகர்ப்பக் கமிட்டிகளின் தர்மசங்கடம் இருக்கிறது. பறவைகளையும் மரங்களையும் காப்பவர்கள் வேலியைப் போட்டுவிட்டு இயற்கையை அதன் போக்கில் விட்டால் பாதி வேலை முடிந்தது. பாறையைக் காப்பவர்களோ இயற்கையோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும்.

பர்மிங்ஹாமுக்கு அருகே டட்லி நகரத்தில் ரென்ஸ் நெஸ்ட் என்றொரு குன்று உண்டு. சுமார் 43 கோடி வருஷங்களுக்கு முன் வெதுவெதுப்பான ஆழங்குறைந்த கடலாக இருந்த இடம். இன்று நாற்புறமும் வீடுகள் சூழ்ந்த மேடு. இரும்பு உலைகளுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லுக்காக இதைக் குடைந்து குடைந்து, மலையின் உட்புறமே குகைகளாகிவிட்டது. டட்லிச் சுரங்கக் குகையொன்றில் 1849-ல் ஸர் ரோடரிக் மர்ச்சிஸன் செய்த உபந்நியாசத்தைக் கேட்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் விளக்கொளியில் கூடினார்கள் என்றால், கல்லைப் பற்றிய பேச்சுக்கு அந்நாளில் இருந்த மவுசு எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம். குன்றில் இதுவரை 700-க்கு மேற்பட்ட வகைப் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றான டிரைலோபைட்டைக் குவாரித் தொழிலாளிகள் ‘டட்லிப் பூச்சி’ என்று செல்லமாக அழைக்க, நகரத்தின் சின்னத்திலேயே அது இடம் பெற்றுவிட்டது. பாறைக்காகவே தேசிய இயற்கைக் காப்பகம் என்ற அந்தஸ்தை 1956-ல் பிரிட்டனில் முதன்முதலாகப் பெற்றது இந்தக் குன்றுதான். 2020-ல் யுனெஸ்கோவின் புவிப் பூங்காவொன்றின் அங்கமாகவும் ஆயிற்று. பாறையில் சுத்தியல் வைப்பது இப்போது அங்கே தடை. உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு பெருமை எல்லாக் குழிகளுக்கும் வாய்ப்பதில்லை. 1977-ல் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு இலாகா நாடு முழுவதையும் அலசத் தொடங்கி, சாஸ்திர முக்கியத்துவம் வாய்ந்த ஏறத்தாழ 3,000 இடங்களைத் தேர்ந்தெடுத்தது. நல்ல காரியந்தான். ஆனால், உலகத்துக்குப் புதிதாக எதையும் சொல்லாவிட்டாலும் உள்ளூர்ப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, “பாருங்கள், நம் ஊர் ஒரு காலத்தில் பாலைவனமாக இருந்தது” என்று காட்டத்தக்க சின்னஞ்சிறு குவாரிக்கு அந்தப் பட்டியலில் இடம் ஏது? அந்தக் குறையைத் தீர்க்க 1990-ஐ ஒட்டி ஜில்லாதோறும் தொண்டர் குழுக்கள் எழுந்தன. கல்விக்குப் பயன்படுமா, ஆராய்ச்சிக்கு உதவுமா, சாஸ்திரத்தின் சரித்திரத்தோடு சம்பந்தம் உண்டா, கண்ணுக்கு அழகா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு, இவர்கள் பிரதேச முக்கியத்துவமுள்ள இடங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், குவாரி என்ஜினீயர்கள், காட்சிசாலை உத்தியோகஸ்தர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் அவற்றில் சேர்ந்தார்கள். இவர்களுடைய தேர்வுக்குச் சட்டத்தின் கடுமையான பலம் எதுவும் கிடையாது. நகர மன்றத்தின் ஏட்டில் பெயர் ஏறும், யாராவது அங்கே வீடு கட்டவோ குப்பை கொட்டவோ அனுமதி கேட்டால், அதிகாரி அந்தப் பெயரைக் கவனிக்கக் கடமைப்பட்டவர், அவ்வளவுதான். எனவே, விண்ணப்பங்களைத் தவறாமல் படித்து, கெடு முடிவதற்குள் பதில் எழுதிப் போடுகிற பொறுமைசாலியான காரியதரிசி ஒருவர் வாய்த்த குழு ஜெயிக்கிறது. வாய்க்காத குழு, மூடிப்போன குவாரியைப் பற்றிப் பிற்பாடு இரங்கற் கட்டுரை எழுதுகிறது.

புதர் வெட்டுவதும் அப்படியொன்றும் சுலபமான விவகாரம் அன்று. குருவிகள் கூடு கட்டும் வசந்தத்திலும் கோடையிலும் முட்செடியில் கை வைக்கக் கூடாது என்பதால், விரல் விறைக்கும் குளிர்காலத்தில்தான் தடித்த கையுறையும் அரிவாளும் மண்வெட்டியுமாக இவர்கள் வந்தாக வேண்டும். பறவைச் சங்கத்தாருக்கோ அதே புதர் பொக்கிஷம். ஒரே ஊரில், ஒரே நல்லெண்ணத்தோடு, ஒரே குழியைக் குறித்து எதிரெதிரான கோரிக்கைகளுடன் இரண்டு கமிட்டிகள் சந்திப்பதும், வடபுறச் சுவர் பாறைக்கு, தென்புறச் சரிவு பறவைக்கு என்று பாகப்பிரிவினை செய்துகொள்வதும் உண்டு.

இவர்களுடைய போதனை முறைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, குவாரிக்கே போகாமல் நடத்துகிற பாடம். லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் பணியாற்றிய எரிக் ராபின்ஸன், நகரத்துத் தெருக்களையே பாறைக் காட்சிசாலையாக்கி வழிகாட்டிப் புத்தகங்களை எழுதினார். வங்கியின் முகப்பில் நீல ஒளி சிதறும் கல் நார்வேயிலிருந்து வந்தது. வேறொரு கட்டடத்தின் போர்ட்லண்டுக் கல்லில் திருகாணி போன்ற பள்ளங்கள் தெரிகின்றனவே, அவை 14 கோடி வருஷங்களுக்கு மேற்பட்ட நத்தைகள் விட்டுப்போன அச்சுகள். பாதசாரி தினமும் கடந்து போகிற சுவர் அது. அடுத்தபடியாக அவர் மக்களை இட்டுச் சென்ற இடம் இடுகாடு. கல்லறையில் வருஷம் பொறித்திருப்பதால், அந்தக் கல் வெயிலையும் மழையையும் எத்தனை காலம் தாங்கியிருக்கிறது என்ற கணக்கு தயாராக இருக்கிறது. பளிங்குக் கல்லறைகளில் ஈயத்தால் எழுத்துப் பதிப்பது வழக்கம். பதித்த நாளில் எழுத்தும் கல்லும் ஒரே மட்டம். மழைநீரின் அமிலம் பளிங்கைக் கரைக்கக் கரைக்க, கரையாத ஈயம் மட்டும் மேலே துருத்தி நிற்கும். அந்த உயரத்தை அளந்து வருஷங்களால் வகுத்தால், அந்த ஊரின் காற்று எவ்வளவு அசுத்தம் என்பது பள்ளிச் சிறுவனுக்கும் விடையாகக் கிடைத்துவிடும். விஞ்ஞானக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓர் அளவுகோல் போதும்.

கல்லறையைக் கல்லாகவும் பார்க்கிற இந்தப் பழக்கத்துக்கு நம்மோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. கல்கத்தாவில் கும்பினியாரின் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னாக்கின் சமாதியை மூடியிருக்கும் கரும்பலகையை, இந்தியப் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்பவர் பரிசோதித்து, அது சென்னைப் பக்கத்துப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, 1893-ல் அந்தப் பாறையினத்துக்கே ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் அந்தப் பாறையே. பரங்கிமலையில் அது தேசியப் பூகர்ப்பச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சமாதியில் படுத்திருப்பவரின் சரித்திரத்தைத் தேடி வந்தவர்கள் அநேகர். மேலே மூடிய கல்லின் சரித்திரத்தைக் கேட்டவர் ஹாலந்து.

பல்லாவரத்துக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. அங்கே 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல் ஆயுதத்தைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.