இது என்ன?

வாலிபர் கூட்டத்தில் "உங்களுக்குத் தெரிந்த கிரேக்கச் சொல் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அகாப்பே, லோகோஸ், ரேமா, கொய்னோனியா என்று பதில் உடனே வரும். பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு நம் காதில் ஏறிய சொற்கள் அவை. "சரி, அப்பத்துக்குக் கிரேக்கில் என்ன பெயர்? கதவுக்கு? உப்புக்கு? செருப்புக்கு?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் அறை அமைதியாகிவிடும்.

கிரேக்கைப் பாடமாகப் படித்தவர்களுக்கும் இந்த நிலை வருவதுண்டு. பழைய முறைப் பாடநூல்கள் பல 'அவிழ்க்கிறேன்' என்ற பொருளுள்ள வினைச்சொல்லின் அட்டவணையோடுதான் தொடங்குகின்றன. அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான் என்று மாணவர் மனப்பாடம் செய்வார். வருட முடிவில் ரோமர் நிருபத்தின் ஒரு வசனத்தைப் பிரித்து இலக்கணம் சொல்வார். ஆனால் கையிலிருக்கிற தண்ணீர்க் கோப்பையைக் கிரேக்கில் கேட்டு வாங்கத் தெரியாது.

குழந்தை மொழி கற்பது அப்படியல்ல. ஒரு பொருளை விரலால் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறது. வீட்டார் பெயரைச் சொல்கிறார்கள். சலிக்காமல் மறுபடியும் கேட்கிறது. கிரேக்கிலும் இந்தக் கேள்விக்கு மூன்றே சொற்கள்: "தி எஸ்தின் தூத்தொ?" பதிலுக்கு இரண்டு சொற்களோடு பொருளின் பெயர்: "தூத்தொ எஸ்தின் அர்த்தொஸ்." இது அப்பம்.

இது இன்று யாரோ கண்டுபிடித்த முறையும் அல்ல. ரோமப் பேரரசின் காலத்தில் இலத்தீன் பேசுவோர் கிரேக்கும், கிரேக்கு பேசுவோர் இலத்தீனும் கற்கப் பயன்பட்ட பள்ளிக் கைநூல்கள் இன்றும் கையெழுத்துப் பிரதிகளாக இருக்கின்றன. உணவு, உடை, வீட்டுச் சாமான் என்று தலைப்பு வாரியாக இரு மொழிப் பெயர்ப்பட்டியல் அவற்றில் உண்டு. ஒரு பையன் காலையில் எழும்பி, செருப்பைக் கேட்டு, முகம் கழுவி, பள்ளிக்குப் போகிற சிறு உரையாடல்களும் உண்டு. இன்று எருசலேமிலுள்ள போலிஸ் நிறுவனம் போன்ற இடங்களில் பழைய கிரேக்கைப் பேச்சு மொழியாகவே கற்பிக்கிறார்கள்.

ஆனால் நமக்கு இது ஏன்? நாம் அந்தக் காலத்துக் கடைக்குப் போகப் போவதில்லையே?

காரணம், புதிய ஏற்பாடு எழுதப்பட்டதே கடையிலும் வீட்டிலும் படகிலும் புழங்கிய மொழியில்தான். கொய்னே என்றால் 'பொதுவானது' என்று பொருள். பிளேட்டோவின் நடையிலிருந்து அது வேறுபட்டிருந்ததால், வேதாகமத்துக்கென்றே அமைந்த தனி மொழி அது என்று 19-ஆம் நூற்றாண்டில் சிலர் எண்ணினார்கள். பிறகு 1896-97 குளிர்காலத்தில் கிரென்பெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்திலிருந்த பழைய குப்பை மேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். பாப்பிரஸ் தாள்கள் குவியல் குவியலாக வெளிவந்தன. வீட்டுக் கடிதம், ரசீது, கணக்கு, விருந்து அழைப்பு என்று எல்லாம் இருந்தன. இப்படிப்பட்ட பாப்பிரஸ்களைப் புதிய ஏற்பாட்டோடு ஒப்பிட்டு, அப்போஸ்தலர் எழுதிய கிரேக்கு சாதாரண ஜனங்களின் கிரேக்கே என்று ஜெர்மன் அறிஞர் அடால்ப் டைஸ்மன் எடுத்துக்காட்டினார். 1908-இல் வெளிவந்த அவருடைய நூல் இதை உலகறியச் செய்தது.

ஒரு உதாரணம். ஆவியானவரைப் பற்றிப் பவுல் 'அர்ரபோன்' என்ற சொல்லை எழுதுகிறார் (எபேசியர் 1:14). அந்தச் சொல் பாப்பிரஸ் ஒப்பந்தங்களிலும் வருகிறது. பொருள் வாங்குகிறவர் பேச்சை உறுதிப்படுத்த முன்பணமாகக் கொடுப்பது அது. நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'அச்சாரம்' என்கிறது. அதுவும் சந்தைச் சொல்தான். நிலமோ மாடோ வாங்கும்போது நம் பெரியவர்கள் கொடுத்தது அச்சாரம். சந்தைச் சொல்லுக்குச் சந்தைச் சொல்லையே மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள்.

பொருள்களின் பெயர் தெரிந்தால் வேதம் எப்படித் திறக்கிறது என்பதற்கு யோவான் சுவிசேஷத்தைப் பாருங்கள். ஐயாயிரம் பேரைப் போஷித்த சம்பவத்தில் மத்தேயுவும் மாற்கும் லூக்காவும் மீனுக்கு 'இக்துஸ்' என்ற வழக்கமான சொல்லை எழுதுகிறார்கள். யோவான் மட்டும் 'ஒப்ஸரியொன்' என்கிறார் (6:9). அப்பத்தோடு சேர்த்துச் சாப்பிடுகிற சிறிய பதார்த்தம் என்பது அதன் அடிப்படைப் பொருள். நம் வீட்டில் "தொட்டுக்கொள்ள என்ன?" என்றோ "சோத்துக்கு என்ன கறி?" என்றோ கேட்போமே, அந்த வகை. பையனிடம் இருந்தது ஏழைகளின் வாற்கோதுமை அப்பமும் தொட்டுக்கொள்ள இரண்டு மீனும். ஒரு தாய் கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு போல அது கண்முன் வந்துவிடுகிறது.

இப்போது அதே சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டி வைத்திருக்கிறார். அதன்மேல் இருப்பது 'ஒப்ஸரியொன்', கூடவே 'அர்த்தொஸ்'. அன்று பையனின் கையில் இருந்த அதே இரண்டு பெயர்கள். அந்த நெருப்புக்கு யோவான் சொல்லும் பெயர் 'அந்த்ரக்கியா', அதாவது கரிநெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. மற்றது 18:18-இல், பேதுரு குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரை மறுதலித்த முற்றத்தில். நம் தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் 'கரிநெருப்பு' என்றே வைத்திருக்கிறது. சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் முதலாவது இடத்தில் வெறும் 'நெருப்பு' என்று இருப்பதால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போகிறது. "என்னை நேசிக்கிறாயா" என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்கப்பட்டது எந்த நெருப்பின் பக்கத்தில் என்று தெரிகிறவருக்கு, அந்த விடியற்காலை வேறு மாதிரி இருக்கும்.

கூடைகளும் அப்படித்தான். ஐயாயிரம் பேருக்குப் பின் மீந்த துணிக்கைகளை எடுத்தது பன்னிரண்டு 'கொஃபினொஸ்' நிறைய. நாலாயிரம் பேருக்குப் பின் எடுத்தது ஏழு 'ஸ்புரிஸ்' நிறைய. மாற்கு 8:19-20-இல் ஆண்டவர் இரண்டையும் நினைப்பூட்டும்போது அந்தந்தப் பெயரையே சொல்கிறார். தமிழில் இரண்டும் 'கூடை'தான். தமஸ்குவில் சீஷர்கள் சவுலை மதில்வழியாய் இறக்கியதும் ஒரு 'ஸ்புரிஸ்'ஸில்தான் (அப்போஸ்தலர் 9:25). ஒரு ஆளே உட்காரலாம் என்றால் ஸ்புரிஸ் சிறியதாக இருந்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்து அம்மம்மாவிடம் கேளுங்கள். கடகம் வேறு, பெட்டி வேறு என்று அவர் உடனே பிரித்துச் சொல்வார்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. இரண்டு கூடைப் பெயர்கள் தெரிந்தவுடன் ஒவ்வொன்றிலும் மறைபொருள் தேடக் கூடாது. கூடை கூடைதான். பெயர் தெரிவதன் பயன், எழுதினவர் கண்ட பொருளை நாமும் காண்பது. போதகரைத் திருத்துவதற்காகக் கற்ற கிரேக்கு, கற்றவரையே வீங்கச் செய்யும்.

தமிழ் வேதாகமம் நம் கைக்கு வந்ததற்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், கிரேக்கு படித்த இளைஞர், வயது ஏறக்குறைய 24. தமிழ் கற்க அவர் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். கேட்ட சொற்களையும் படித்த சொற்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பட்டியலிட்டார். 1711-இல் கிரேக்கிலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். 1715-இல் அது முழுவதும் அச்சாகி வந்தது. "இது என்ன?" என்று ஒரு ஊர் முழுவதையும் கேட்டவரால்தான் அது முடிந்தது.

இன்று அந்தக் கேள்வியை நாம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது. மாற்கு 4:21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வசனத்தில் நான்கு வீட்டுச் சாமான்கள்: லுக்னொஸ், மொதியொஸ், கிளீனே, லுக்னியா. விளக்கு, மரக்கால், கட்டில், விளக்குத்தண்டு. மொதியொஸ் என்பது தானியம் அளக்கும் பாத்திரம். ஏறக்குறைய 9 லிட்டர் பிடிக்கும். மரக்காலும் நெல் அளக்கும் பாத்திரம்தான். ஆனால் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் மரக்காலைப் பார்த்திருக்கிறோம்? இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல் என்ற சொற்களை ஞாயிறு பள்ளியிலேயே கற்றுவிட்டோம். மரக்கால், முறம், அகப்பை, உறி ஆகியவற்றின் பெயர் தெரிந்தவர்களோ நம் வீட்டுக்குள்ளேயே முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ் தடுமாறும் என்ற கூச்சத்தால் பல பிள்ளைகள் அவர்களிடம் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். பெரியவர்களும், பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொல்லாமல் விடுகிறார்கள். கேட்கிறவர் இல்லாமல் போனால் மொதியொஸ் போலவே மரக்காலும் அகராதியில் மட்டும் இருக்கும்.

தமிழ் தெரிந்தவருக்குக் கிரேக்கில் ஒரு வசதியும் உண்டு. எ-ஏ, ஒ-ஓ என்ற குறில் நெடில் வேறுபாடு கிரேக்க எழுத்திலும் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதில் திணறுவார். நாம் 'லோகோஸ்' என்று நீட்டுவதுகூட எழுத்தின்படி 'லொகொஸ்'தான். கடினமாக இருப்பது பால். தமிழில் உயிரற்ற பொருள் எல்லாம் அஃறிணை. கிரேக்கில் அப்பம் ஆண்பால், மேசை பெண்பால், கோப்பை இரண்டும் இல்லாத பொதுப்பால். இதற்கு வழி, பெயரைத் தனியாகக் கற்காமல் முன்னால் வரும் சிறு சொல்லோடு சேர்த்தே கற்பது: ஆண்பாலுக்கு 'ஹொ', பெண்பாலுக்கு 'ஹே', பொதுப்பாலுக்கு 'தொ'.

"தி எஸ்தின் தூத்தொ?" என்ற கேள்வி வேதத்திலேயே இருக்கிறது. வனாந்தரத்தில் மன்னாவைக் கண்ட இஸ்ரவேலர் ஒருவரையொருவர் கேட்டதாக, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் வருவது இந்த மூன்று சொற்களே (யாத்திராகமம் 16:15). மோசே அதற்குச் சொன்ன பதிலில் 'அர்த்தொஸ்' இருக்கிறது. கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் இயேசுவின் அதிகாரத்தைக் கண்டவர்கள் கேட்டதும் இதே கேள்விதான் (மாற்கு 1:27). கடைசி இராப்போஜனத்தில் அவர் அப்பத்தைப் பிட்டு, 'தூத்தொ எஸ்தின்' என்று தொடங்கினார். பிள்ளைக்குப் பொருளின் பெயரைச் சொல்லிக்கொடுக்கிற அதே எளிய வாக்கியம். அப்பத்தைக் கையில் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினவர், அடுத்த முறை கர்த்தருடைய பந்திக்கு வரும்போது அந்தப் பதிலைக் கவனித்துக் கேட்பார்.

இந்த வாரம் வீட்டில் ஒட்டிவைக்கப் பத்துப் பெயர்கள்:

ஹொ அர்த்தொஸ் – அப்பம் (மத்தேயு 6:11)
தொ ஹுதோர் – தண்ணீர் (யோவான் 4:7)
தொ ஹலஸ் – உப்பு (மத்தேயு 5:13)
தொ எலாயொன் – எண்ணெய் (லூக்கா 10:34)
தொ பொத்தேரியொன் – கோப்பை (மாற்கு 9:41)
ஹே த்ரப்பெட்ஸா – மேசை (மாற்கு 7:28)
ஹொ லுக்னொஸ் – விளக்கு (மத்தேயு 5:15)
ஹே கிளீனே – கட்டில் (மாற்கு 4:21)
ஹே துரா – கதவு (வெளிப்படுத்தல் 3:20)
தொ ஹுப்பொதேமா – செருப்பு (மாற்கு 1:7)

ஒவ்வொரு தாளிலும் கிரேக்கப் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். தமிழ்ப் பெயரை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் வேறொரு பெயர் சொன்னால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.