நேர்முகத் தேர்வில் முதல் மனப்பதிவு

முதல் மனப்பதிவு என்பது, முன்பின் அறியாத ஒருவரைச் சந்தித்த சிறு பொழுதிலேயே அவரைப் பற்றி நம் மனத்தில் உருவாகும் கருத்து ஆகும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் நேர்காணுபவருக்கும் விண்ணப்பதாரருக்கும் கிடைப்பது பெரும்பாலும் அரைமணி நேரமே என்பதால், இக்கருத்து அங்கு கூடுதல் செல்வாக்குப் பெறுகின்றது.

உருவாகும் விதம்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. அறிவுள்ளவர், உழைப்பாளி, முன்யோசனையின்றிச் செயற்படுபவர், குறைகாண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என ஒரு மனிதரின் ஆறு பண்புகளை அவர் ஒரு குழுவினருக்கு இவ்வரிசையிலும், மற்றொரு குழுவினருக்குத் தலைகீழ் வரிசையிலும் வாசித்துக் காட்டினார். சொற்கள் ஒன்றே எனினும், நற்பண்புகளை முதலில் கேட்டவர்கள் அம்மனிதரை உயர்வாக மதிப்பிட்டனர். முதலில் அறிந்தது பின்னர் அறிவதற்குப் பொருள் கற்பிக்கின்றது. இது முதன்மை விளைவு எனப்படும்.

முகத்தைப் பொறுத்தவரை இதற்குத் தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் கண்டாலே நம்பகத்தன்மை, திறமை போன்றவை பற்றி மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர் என வில்லிஸ், தொடொரோவ் ஆகியோர் 2006இல் காட்டினர். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதும் மாறவில்லை. அதன் மீதான உறுதியே கூடியது.

இதனால் முதல் அரை நிமிடத்திலேயே வேலை முடிவாகிவிடும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. இது மிகைக்கூற்று. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, முதல் நிமிடத்திற்குள் முடிவெடுக்கப்பட்ட நேர்முகங்கள் இருபதில் ஒன்று அளவே. ஐந்து நிமிடங்களுக்குள் முடிவானவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பதினைந்து நிமிடங்களுக்குள் 60 விழுக்காடு. எனவே தொடக்கத்தில் நா தடுமாறியவருக்கும் அதைச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கின்றது.

ஆயினும் தொடக்கம் வேறொரு வழியில் வேலை செய்கின்றது. நல்ல எண்ணம் ஏற்பட்டுவிட்டால் நேர்காணுபவர் கனிவாகப் பேசுவதும், நிறுவனத்தின் சிறப்புகளை எடுத்துரைப்பதும், துருவிக் கேட்பதைக் குறைப்பதும் 1994ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில் கண்டறியப்பட்டன. அவ்வாறு இலகுவாக்கப்பட்ட சூழலில் விண்ணப்பதாரரும் நன்றாகப் பேசுவார். அதைக் கண்டு, தம் கணிப்பு சரியே என நேர்காணுபவர் நினைத்துக்கொள்வார்.

விண்ணப்பதாரர் செய்யக்கூடியவை

உடை துவைத்துத் தேய்த்ததாகவும் அப்பணிக்குப் பொருத்தமானதாகவும் இருந்தால் போதுமானது. கடன் வாங்கிய மேலங்கியும் காலைக் கடிக்கும் புதுக் காலணியும் அமைதியின்மையைத்தான் தரும். இடத்தை முன்னரே விசாரித்து, குறித்த நேரத்திற்குக் கால் மணி முன்பு சென்று சேர்வது நன்று. மூலச் சான்றிதழ்களையும் படிகளையும் கேட்கும் வரிசையில் கோப்பில் அடுக்கி வைத்திருத்தல் வேண்டும். கேட்டவுடன் தாள்களைக் கொட்டித் தேடுவதும் ஒரு மனப்பதிவே.

உறுதியான கைகுலுக்கலுக்கும் நேர்காணுபவரின் பரிந்துரைக்கும் தொடர்பு உண்டு என 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகின்றது. தமிழ்நாட்டில் எல்லோரும் கைகுலுக்குவதில்லை. எதிரிலுள்ளவர் கை நீட்டினால் குலுக்கலாம். இல்லையேல் முகம் பார்த்து வணக்கம் சொல்வதே இயல்பானது. காணொளி வழி நேர்முகங்களில் ஒளி முகத்தில் விழும்படி அமர்வதும், ஒலியை முன்கூட்டியே சோதிப்பதும் இவற்றின் இடத்தைப் பெறுகின்றன.

பெரும்பாலும் முதலில் வருவது "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி. பெயர், ஊர், தந்தையின் தொழில், பொழுதுபோக்கு என மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை ஒப்பிப்பது பரவலான வழக்கம். இவற்றுட் பெரும்பகுதி விண்ணப்பத்திலேயே உள்ளது. மாறாக, தாம் செய்த ஒரு வேலையை விவரித்தல் பயன் தரும். பழுதான நீரேற்று மோட்டாரைத் தாமே பிரித்து, சுருள் எரிந்திருந்ததைக் கண்டறிந்த பட்டயப் படிப்பு மாணவர் அதைச் சொன்னால், அடுத்த கேள்வி அம்மோட்டாரைப் பற்றியே வரும். அது அவருக்குத் தெரிந்த பொருள்.

மதிப்பீட்டில் ஏற்படும் பிழை

தோற்றம், பேச்சு வழக்கு, ஆங்கில உச்சரிப்பு ஆகியவை ஒருவர் வளர்ந்த சூழலைக் காட்டும் அளவுக்கு அவரது வேலைத்திறனைக் காட்டுவதில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் இதனால் இழப்பது அதிகம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகளுக்கு முன்வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுவது கட்டமைக்கப்பட்ட நேர்முகம் எனப்படும். பணித்திறனை முன்கணிப்பதில் இது கட்டற்ற உரையாடலைவிட இரு மடங்கு வலிமையான தொடர்பைக் காட்டுவதாக 2022ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டுள்ளது.

இந்திய நடுவண் அரசு, கீழ்நிலைப் பணியிடங்களுக்கான நேர்முகத் தேர்வை 2016 சனவரி 1 முதல் கைவிட்டது. குடிமைப் பணித் தேர்வில் அது ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் தொடர்கின்றது. மொத்தம் 2025 மதிப்பெண்களில் அதன் பங்கு 275. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் இங்கும் தமிழிலேயே விடையளிக்கலாம். இவ்வுரிமையைப் பயன்படுத்த விரும்புவோர் விண்ணப்பப் படிவத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும்.