வெந்நீர்க் கலனை மாற்றும்போது சுவருக்குள்ளும் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் கடலூரிலும் சிதம்பரத்திலும் வீசும் பனிக்காற்று வெளியூர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஃபஜ்ருக்கு எழுந்து ஒளூ செய்யும் எழுபது வயதுப் பெரியவரைக் கேட்டால் தெரியும், அந்த வேளையில் குழாய்த் தண்ணீர் எப்படிக் கையைக் கடிக்கிறது என்று. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறையில் வந்ததும் பெற்றோருக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் கீசர் என்று நாம் அழைக்கும் வெந்நீர்க் கலன்தான். அப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்டவை இன்று வீட்டுக்கு வீடு ஒழுகத் தொடங்கியிருக்கின்றன.

வாசகச் சகோதர சகோதரியரே, இந்த நிலையில் நம்மில் பலர் செய்வது என்ன? கடைக்குச் சென்று, பளபளப்பான புதிய கலன் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்குகிறோம். பிளம்பர் வந்து பழையதைக் கழற்றி, அதே ஆணியில் புதியதை மாட்டி, அதே பழைய குழாயில் இணைத்துவிட்டுப் போகிறார். அரை நாள் வேலை. பணம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குச் செலவாகிறது. சுவருக்குள் இருக்கும் குழாய், கலனின் அடியில் இருக்கும் சிறிய வால்வு, பின்சுவரில் இருக்கும் எர்த் கம்பி ஆகிய மூன்றையும் எவரும் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து வருவதோ இந்த மூன்றின் வழியாகத்தான்.

நம் பாட்டிமார் காலத்தில் கொல்லைப்புறத்தில் செம்புத் தவலை இருந்தது. சற்று வசதியான வீடுகளில் நடுவே புகைபோக்கி வைத்த செம்புப் பாய்லர் இருந்தது. அடியில் கரியோ விறகோ எரியும், மேலே மூடி தளர்வாகக் கிடக்கும். நீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இன்றைய கலன் நாலாபுறமும் மூடிய இரும்புப் பாத்திரம். அதற்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு விறகுக்கும் மின்சாரத்திற்கும் உள்ளதன்று. திறந்த மூடிக்கும் மூடிய பாத்திரத்திற்கும் உள்ளது.

25 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 350 மில்லிலிட்டர் பெருகுகிறது. உள்வரும் குழாயில், வெந்நீர் திரும்பி ஓடாதபடி தடுக்கும் ஒருவழி வால்வு இருக்கிறது. எனவே பெருகிய நீர் போக இடமில்லாமல் பாத்திரத்தின் சுவரை அழுத்தும். அந்த அழுத்தத்தைத் துளித் துளியாக வெளியேற்றுவதற்கே பாதுகாப்பு வால்வு வைக்கப்பட்டிருக்கிறது. சூட்டை அளந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் பழுதாகி, நீர் கொதிநிலையைத் தாண்டினால் கடைசிக் காவலும் அந்த வால்வுதான். நீர் ஆவியாக மாறும்போது ஆயிரத்து அறுநூறு மடங்கு அளவுக்கு விரிகிறது. மூடிய கலன் வெடித்தால் குளியலறைச் சுவரே பெயர்ந்துவிடும் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

கடலூர் முதுநகரில் எங்கள் உறவினர் வீடு ஒன்றில் அந்த வால்வின் வாயை ஒரு பித்தளை மூடியால் இறுக்கி அடைத்திருந்தார்கள். காரணம் கேட்டபோது, வேலை செய்தவர் பெரியம்மாவிடம், “சொட்டிக்கிட்டே இருந்துச்சும்மா, தரை ஈரமாவுதேன்னு அடைச்சிட்டேன்” என்றாராம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சூடாகும் வேளையில் சில துளிகள் சொட்டுவது வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரவு பகலாக ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது. அதன் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி, தண்ணீர் போகும் துவாரம் வரை இறக்கிவிட்டால் தரையும் நனையாது.

இனிக் குழாய்க்கு வருவோம். பழைய வீடுகளில் சுவருக்குள் புதைந்திருப்பவை துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், ஜி.ஐ. குழாய் என்போம். நம் கடற்கரைக்கும் இரும்புக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் உருக்காலை நடத்தினார். சேலம் பகுதியிலிருந்து தாது வந்தது. அந்த ஆலை நிலைக்கவில்லை. இரும்பைத் தின்னும் உப்புக்காற்று மட்டும் இன்றும் வீசுகிறது! காற்று வெளியிலிருந்து தின்றால், உவர்ப்பான நிலத்தடி நீர் உள்ளிருந்து தின்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் பல உப்பேறிப்போனதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

துத்தநாகப் பூச்சு கரைந்ததும் குழாயின் உட்புறம் துருப்பிடித்துப் புடைக்கிறது. முக்கால் அங்குலக் குழாய் நாளடைவில் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். ‘கீசர் மாற்றியும் தண்ணீர் மெல்லத்தான் வருகிறது’ என்று குறைப்படுபவர்கள் கலனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் துருத்துகள்கள் புதிய கலனின் வால்வில் போய் அமர்ந்து அதையும் கெடுக்கும். ஆகவே கலனை மாற்றும்போதே அதற்கு நீர் கொண்டுவரும் குழாயையும், வெந்நீர் செல்லும் குழாயையும் மாற்றிவிடுவதே சிக்கனம். சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டியதில்லை அல்லவா?

மாற்றாக எதைப் போடுவது? வெள்ளை நிறச் சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீருக்கு உதவாது. சூட்டில் இளகி, இணைப்பு விட்டுவிடும். வெந்நீருக்கென்றே வரும் சி.பி.வி.சி. குழாய் 93 பாகை வரை தாங்கும். ஆனாலும் கலனின் வாயை ஒட்டிய முதல் முழ நீளத்துக்கு உலோக இணைப்புக் குழாய் போடுவது நல்லது. சி.பி.வி.சி. சூட்டில் நீளும் குணம் உடையது. 3 மீட்டர் நீளக் குழாய் 35 பாகை சூடேறினால் 7 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். எனவே அதைச் சிமெண்டால் இறுகப் பிடித்துவிடாமல் அசைய இடம் விட வேண்டும். ஒட்டும் பசை காய்வதற்குரிய நேரம் அதன் டப்பாவிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த நேரம் முடியும் முன் தண்ணீர் விடச் சொல்லி அவசரப்படுத்துபவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்களாகிய நாம்தான்.

குழாயின் பருமனிலும் ஒரு நுட்பம் உண்டு. முக்கால் அங்குலக் குழாய் பத்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 3 லிட்டர் நீர் நிற்கும். வெந்நீர் வரும் முன் அந்தக் குளிர்ந்த நீர் வீணே சாக்கடைக்குப் போகிறது. ஐவேளை ஒளூவுக்கும் என்றால் நாளொன்றுக்கு 15 லிட்டர்! தண்ணீரில் இஸ்ராஃப் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு இந்தக் கணக்கு உறுத்தலாகவே இருந்தது. அரை அங்குலச் சி.பி.வி.சி. குழாயில் நிற்பது ஒரு லிட்டருக்குச் சற்று மேல் மட்டுமே. ஒளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கலனை மாட்டினால் அதுவும் குறையும். பழைய ஆணி இருக்கும் இடம்தான் புதிய கலனுக்கும் இடம் என்று எவரும் விதிக்கவில்லை.

கலனை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே மக்னீசியத் தண்டு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. இரும்பை அரிக்க வரும் நீருக்குத் தன்னையே இரையாகக் கொடுத்துப் பாத்திரத்தைக் காப்பது அது. தேய்ந்து தீர்ந்துவிட்டால் அடுத்த இரை பாத்திரம்தான். நம் ஊர் நீருக்கு ஆண்டுக்கொரு முறை அதைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அப்போதே அடியில் படிந்த உப்பையும் சுரண்டி எடுத்துவிடலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2000 வாட் கலனுக்கு 16 ஆம்பியர் பிளக்கும், தடித்த செம்புக் கம்பியும் தேவை. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, இம்மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதே, அதற்குப் பின் அவசர அவசரமாக ஒட்டுப்போட்ட கம்பிகளோடு இன்றும் இயங்கும் வீடுகள் உண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கருவியையும் பொருத்திவிடுங்கள். நனைந்த உடலோடு நிற்பவர் நம் தாயாகவோ பேரக்குழந்தையாகவோ இருப்பார்.

சூட்டை 60 பாகையில் வைப்பது பொருத்தம். 25 லிட்டர் கலனில் 28 பாகை நீர் அந்தச் சூட்டை அடைய அரை மணி நேரமும் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரமும் போதும்; இரவெல்லாம் எரிய விட வேண்டியதில்லை. ஆனால் 60 பாகை நீர் நேராக மேலே பட்டால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். குளிர்ந்த நீரை வாளியில் முதலில் பிடித்து, அதன்மேல் வெந்நீரைக் கலக்கும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். குடும்பத்தோடு வெளிநாடு சென்று, பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்புவோர், கலனில் தேங்கிய நீரை முழுவதும் வெளியேற்றி, புதிய நீர் நிரப்பிச் சூடாக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லீஜியனெல்லா என்னும் கிருமி பெருகும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓட்டலில் தங்கியவர்களிடையே உயிர்ப்பலி வாங்கியபோதுதான் மருத்துவ உலகம் அதை அறிந்தது.

வேலை முடிந்ததும் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக் கலனை நிரப்ப வேண்டும். காற்று முழுவதும் வெளியேறி, நீர் தடையின்றி ஒழுகிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெறும் கலனில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் காயில் கருகிவிடும். சுவரை அன்றே பூசச் சொல்லாதீர்கள். இணைப்புகளுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஓர் இரவு அப்படியே விட்டுவைத்து, காலையில் காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பலாம்.