கோட்டையும் கோயிலும் கடலும்: தரங்கம்பாடி காட்டும் பாடம்

ஹைதராபாத்துக்கு வருவோர் பெரும்பாலும் கோல்கொண்டாக் கோட்டையைக் காணாமல் திரும்புவதில்லை. ஆனால் அவ்வரசின் துணிகள் கப்பலேறிய மசூலிப்பட்டினத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. 1864ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பின் அத்துறைமுகம் தலையெடுக்கவில்லை. வணிகம் அகன்ற கடற்கரை ஊருக்கு எஞ்சுவது யாது? இதற்குத் தரங்கம்பாடி தெளிவான விடை தருகிறது.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டு வணிகர்க்கு இங்கு இடமளித்தார். அவர்கள் எழுப்பிய டேனிஷ் கோட்டை இன்றும் நிற்கிறது. 1845இல் டென்மார்க் இவ்வூரையும் வங்கத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. பின்னர் நாகப்பட்டினத்திற்கு இரயில் வந்தது. சரக்கும் அங்கே சென்றது. செழித்த ஊர்கள் தம் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டின. இங்கோ இடிப்பதற்கும் பொருளில்லை. அதனாலேயே பழைய வீதிகள் பிழைத்தன எனலாம்.

கோட்டையினும் மூத்தது மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த இக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கரையில் கற்களைக் குவித்தே எஞ்சிய பகுதி காக்கப்படுகிறது. எனினும் கற்கட்டு எல்லா இடத்திற்கும் பொருந்தும் மருந்தன்று. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீளும் கட்டுமானம் அம்மணலைத் தடுத்தால் அதன் வடபுறக் கரை கரையும். சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் பகுதி அரிப்புண்டது இவ்வாறே. ஓரிடத்தைக் காக்கும் செலவை அடுத்த குப்பத்து மீனவர் ஏற்க நேரலாம்.

சுற்றுலாப் பயணிக்குக் கடற்கரை காட்சிப்பொருள். மீனவருக்கோ அது படகை ஏற்றி நிறுத்தி, வலையைப் பழுதுபார்த்து, மீனை உலர்த்தும் பணிக்களம். 2004 டிசம்பர் சுனாமியில் பல உயிர்களை இழந்த பின்னும் அவர்கள் தொழில் இக்கரையையே சார்ந்துள்ளது. கரையோரக் கட்டடங்களுக்கு 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வரம்பிட்டிருப்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

வருவோரில் பலர் திருக்கடையூரில் மணிவிழாவை முடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கோட்டையைப் பார்த்துச் செல்பவர்கள். (இக்கட்டுரையாளரும் முதன்முறை அவ்வாறே வந்தார்.) இத்தகைய வருகையால் ஊருக்குக் கிட்டுவது தேநீர்க் கடை வருவாயே. ஓரிரவு தங்கினால்தான் சமையல், சலவை, மீன் விற்பனை, வாடகை வண்டி என வருமானம் பரவும். அதற்காகக் கரையில் புதிய விடுதி எழுப்ப வேண்டுவதில்லை. பழைய கலெக்டர் பங்களா செப்பனிடப்பட்டு விடுதியாக்கப்பட்டதைப் போல, பாழடைந்து கிடக்கும் பிற வீடுகளையும் உரியவர் இசைவுடன் சீராக்கலாம். சுண்ணாம்புக் காரை வேலை அறிந்த கொத்தனார்க்கு முதல் ஆண்டிலேயே கூலி கிட்டும்.